கெம்னிட்ஸா, ஸ்டுட்கார்ட்டா? கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும்

நீங்கள் கேட்டது இது: கோவையில் இயந்திரப் பொறியாளர், மனைவி மென்பொருள் சோதனையில் இருந்தவர், இரண்டு வயதில் மகள். கையில் இரண்டு ஆஃபர். கெம்னிட்ஸில் ஆண்டுக்கு 52,000 யூரோ, ஸ்டுட்கார்ட் பக்கம் 62,000. "கிழக்கு ஜெர்மனிக்கு மட்டும் போகாதே என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், உண்மையில் வாழ்க்கைத்தரம் எங்கே நன்றாக இருக்கும்?"

நான் இரண்டு பக்கமும் குடியிருந்தவன், முதலில் கிழக்கே கெம்னிட்ஸ் இருக்கும் சாக்ஸனி மாநிலத்தில், இப்போது மேற்கே ஸ்டுட்கார்ட் அருகே. பயமுறுத்துகிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் பாதிப்பேர் லைப்சிக் ரயில் நிலையத்தில்கூட இறங்கியிருக்க மாட்டார்கள். உங்கள் நிலைமையில் நான் இருந்தால் முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு கெம்னிட்ஸை எடுப்பேன், அதற்குமேல் அங்கேயே இருந்துவிட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பணத்தை முதலில் முடித்துவிடலாம். 10,000 யூரோ வித்தியாசம் என்றதும் நம் ஊர் மனசு உடனே பத்து லட்ச ரூபாய் என்று கணக்குப் போடும். அதெல்லாம் பிடித்தத்துக்கு முந்தைய தொகை. திருமணமானவர், மனைவிக்கு வருமானம் இல்லை என்ற வரிப் பிரிவில் உங்களைப் போடுவார்கள். வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக கெம்னிட்ஸில் மாதம் 3,100 யூரோ பக்கம் கைக்கு வரும், ஸ்டுட்கார்ட்டில் 3,600 பக்கம். வித்தியாசம் 500. இப்போது வீடு. கெம்னிட்ஸில் சதுர மீட்டருக்கு ஆறு யூரோ, ஏழு யூரோவுக்கு நல்ல வீடே கிடைக்கும். ஸ்டுட்கார்ட்டில் அதே மாதிரி வீட்டுக்குப் பதினைந்துக்குக் கீழே கண்ணில் பட்டால் ஏமாற்று விளம்பரமோ என்று சந்தேகப்பட வேண்டும். 65 சதுர மீட்டர் வீட்டுக்கு, சூடேற்றும் செலவு சேர்த்து நாம் 'வார்ம் ரென்ட்' என்று சொல்வோமே, அது கெம்னிட்ஸில் 600, ஸ்டுட்கார்ட்டில் 1,200க்கு மேல். ஆக, அதிகச் சம்பளம் மொத்தமும் வீட்டுக்காரருக்குப் போய் அதற்குமேல் கொஞ்சம் உங்கள் கையிலிருந்தும் போகிறது. மளிகை விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆல்டியும் லீடலும் ஊர் பார்த்து விலை வைப்பதில்லை.

ஆனால் சம்பளத்தில் ஒளிந்திருக்கும் ஒன்றை யாரும் சொல்ல மாட்டார்கள், அது வேலை நேரம். உலோக, எந்திரத் துறையின் ஐஜி மெட்டால் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள மேற்குத் தொழிற்சாலைகளில் 1995லிருந்து வாரத்துக்கு 35 மணி நேரம். கிழக்கில் அதே சங்கம், அதே துறை, ஆனால் 38 மணி நேரம் என்று பல காலம் ஓடியது. 2021க்குப் பிறகுதான் ஒவ்வொரு நிறுவனமாகப் பேசி படிப்படியாக 35க்கு இறக்கிக்கொண்டு வருகிறார்கள். சின்ன நிறுவனங்கள் பலவற்றில் ஒப்பந்தமே கிடையாது, 40 மணி நேரம் வேலை வாங்குவார்கள். இரண்டு ஆஃபர் கடிதத்திலும் வாரத்துக்கு எத்தனை மணி என்று போட்டிருப்பதைப் பார்த்து, மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முழுநேர ஊழியர்களின் சராசரிச் சம்பளம் கிழக்கில் இன்றும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கிழக்கையும் மேற்கையும் பிரித்த பெர்லின் சுவர் விழுந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

இது ஏன் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். 1990 ஜூலை 1 அன்று, அப்போது தனி நாடாக இருந்த கிழக்குக்கு மேற்கின் நாணயம் வந்தது. சம்பளத்தை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். மக்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே நாளில் கிழக்குத் தொழிற்சாலைகளின் பொருள் விலை எகிறிவிட்டது. போலந்திலும் செக்கிலும் ஹங்கேரியிலும் இருந்த பழைய வாடிக்கையாளர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். உள்ளூர்க்காரர்களோ கடையில் புதிதாக வந்த மேற்குப் பொருளைத்தான் எடுத்தார்கள். அரசுத் தொழிற்சாலைகளையெல்லாம் விற்க ட்ராய்ஹாண்ட் என்று ஒரு அமைப்பு இருந்தது. சுமார் நாற்பது லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனங்கள் அதன் கையில் வந்தன. 1994 முடிவதற்குள் விற்றது விற்றதாக, மூடியது மூடியதாக வேலையை முடித்துக்கொண்டார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் மேற்குக்காரர்கள். 2005ல் கிழக்கில் வேலையில்லாதவர்கள் 18 சதவீதத்தைத் தாண்டினார்கள். படித்த இளைஞர்கள், அதிலும் பெண்கள், கூட்டம் கூட்டமாக மேற்கே போனார்கள். கெம்னிட்ஸில் 1980களில் மூன்று லட்சத்துக்கு மேல் ஜனம், இன்று இரண்டரை லட்சம் அளவில் நிற்கிறது. உங்களுக்கு வாடகை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அங்கே காலியான வீடுகள்தான்.

(கோவைக்காரர் என்பதால் ஒன்று: கெம்னிட்ஸுக்கு அந்தக் காலத்தில் 'சாக்ஸனியின் மான்செஸ்டர்' என்று பட்டப்பெயர். பஞ்சாலை, நெசவு எந்திரம், அதற்கான பட்டறைகள் என்று வளர்ந்த ஊர். எந்திரத் தொழில் இன்னும் அதன் ரத்தத்தில் இருக்கிறது, உங்கள் வேலைக்கு மதிப்பு இருக்கும்.)

அன்று நடந்ததன் இன்றைய விளைவு வேலைச் சந்தையில் தெரியும். ஜெர்மனியின் பெரிய நாற்பது நிறுவனங்கள் கொண்ட டாக்ஸ் பட்டியலில், பெர்லினைக் கழித்துவிட்டால், கிழக்கில் தலைமையகம் வைத்திருப்பது ஒன்றுகூட இல்லை. கிழக்கில் இருப்பவை பெரும்பாலும் கிளை ஆலைகள். உற்பத்தி அங்கே நடக்கும், முடிவெடுப்பவர்கள் மேற்கே மியூனிக்கிலோ வோல்ஃப்ஸ்பர்க்கிலோ இருப்பார்கள். அதனால் முதல் வேலை கிடைப்பது கஷ்டமில்லை. இரண்டாவது வேலைதான் கஷ்டம். ஸ்டுட்கார்ட்டில் ஒரு நிறுவனம் பிடிக்காவிட்டால் வீடு மாற்றாமலேயே பக்கத்து நிறுவனத்துக்குத் தாவலாம். கெம்னிட்ஸில் வேலை மாறுவது என்றால் பெரும்பாலும் ஊர் மாறுவதுதான். சரி, மேற்கு மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இப்போது இல்லை. கார்த் தொழில் ஆட்டம் கண்டிருக்கிறது, பாஷ் நிறுவனம் மட்டும் 2025 செப்டம்பரில் மேலும் 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கிழக்கில் நேரெதிராக டிரெஸ்டன் பக்கம் சிப் தொழில் வளர்கிறது, தைவானின் டிஎஸ்எம்சி கூட்டு ஆலைக்கு 2024ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் மாக்டபுர்க்கில் வருவதாக இருந்த இன்டெல் ஆலை 2025ல் கைவிடப்பட்டது. டிரெஸ்டனிலேயே ஃபோல்க்ஸ்வாகன் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எந்தப் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற மாதிரி இல்லை.

சொத்து விஷயத்தில் பிளவு இன்னும் ஆழம். கிழக்கில் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் நிகரச் சொத்து மேற்கில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். தாத்தா வீடு, அப்பா சேமிப்பு என்று அங்கே கைமாற ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உங்களுக்கு இது நேரடியாகத் தொடாது. ஆனால் வேலையிடத்தில் ஐம்பது வயதுச் சகஊழியர் "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று மேற்கைப் பற்றிப் பேசும்போது அது சும்மா புலம்பல் இல்லை என்று தெரிந்து வைத்திருங்கள். தேநீர் இடைவேளையில் அந்தப் பேச்சு நிச்சயம் வரும்.

இனி உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமானது: மகள். ஜெர்மனியில் ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் பராமரிப்பு மையத்தில், அதாவது கிட்டாவில், இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. காகிதத்தில் இரண்டு பக்கமும் ஒரே சட்டம். நடைமுறையில், மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளில் கிழக்கில் பாதிக்கு மேல் கிட்டாவுக்குப் போகிறார்கள், மேற்கில் மூன்றில் ஒரு பங்கு. இது கிழக்கு ஜெர்மனி விட்டுப்போன சொத்து. அங்கே ஏறக்குறைய எல்லாப் பெண்களும் வேலைக்குப் போனார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் பொறுப்பு. மேற்கில் அப்போது அம்மா வீட்டில் இருப்பதுதான் ஒழுங்கு. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளை 'காக்கா அம்மா' என்று திட்டுகிற வழக்கம் அங்கே இருந்தது. சட்டம் மாறிவிட்டது, கட்டடமும் ஆளும் இன்னும் வந்து சேரவில்லை.

இது தினசரி எப்படி இருக்கும் என்றால், சாக்ஸனியில் காலை ஆறு மணிக்கே கிட்டா கதவு திறந்திருக்கும், ஆலையில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகும் அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பூட்ஸைக் கழற்றி, பெயருக்குப் பதில் ஒட்டியிருக்கும் மீன் படத்துக்கோ காளான் படத்துக்கோ கீழே கோட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். மதியச் சாப்பாடு, அப்புறம் தூக்கம், மாலைவரை கவலையில்லை. இப்போது அங்கே பிறப்பு விகிதம் விழுந்து கிட்டாக்களில் இடம் காலியாகக் கிடக்கிறது, சில ஊர்களில் மூடவே செய்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் கர்ப்பமாக இருக்கும்போதே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். இடம் கிடைத்தாலும் "ஆள் பற்றாக்குறை, இன்று மதியமே வந்து அழைத்துப் போங்கள்" என்று தகவல் வரும். கிழக்கிலும் குறை உண்டு. ஒரு பராமரிப்பாளர் கையில் குழந்தைகள் எண்ணிக்கை மேற்கைவிட அதிகம், சற்றுக் கறாராகவும் நடத்துவார்கள். ஆனால் இடமே இல்லாததை இதோடு ஒப்பிட முடியாது. அப்புறம் பள்ளிக்கூடம். மாநிலங்களுக்கிடையிலான தேர்வு ஒப்பீடுகளில் சாக்ஸனி பவேரியாவோடு சேர்ந்து தொடர்ந்து முன்னணியில் வருகிறது, ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடென் வூர்ட்டெம்பெர்க் கீழே சரிந்திருக்கிறது. நம்மவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் உங்கள் சிக்கல். கெம்னிட்ஸில் குழந்தையை விட இடம் உண்டு, மனைவிக்கு ஆங்கிலத்திலேயே பார்க்கக்கூடிய வேலை அநேகமாக இல்லை. ஸ்டுட்கார்ட்டில் அவருக்கு வேலை உண்டு, குழந்தையை விட இடம் இல்லை. இரண்டிலும் அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. மகள் எட்டு மணி நேரம் கிட்டாவில் இருந்தால் அவர் காலையில் மொழி வகுப்புக்குப் போகலாம். கெம்னிட்ஸில் கடைக்காரரும் டாக்டரின் வரவேற்பாளரும் ஆங்கிலம் பேச மாட்டார்கள், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் பலர் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. இது தொல்லைதான், ஆனால் மொழி சீக்கிரம் வந்துவிடும். ஸ்டுட்கார்ட்டில் பத்து வருடம் இருந்தும் பேக்கரியில் விரலை நீட்டி ரொட்டி வாங்குகிற நம்மவர்களை எனக்குத் தெரியும். நீல அட்டையில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை அனுமதி) வருபவருக்கு பி1 அளவு, அதாவது நடுத்தர அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் குடியுரிமைக்கு ஒரு படி கீழே உள்ள நிரந்தர வசிப்பு அனுமதி கிடைக்கும், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் எந்த நிறுவனத்துக்கும் போகலாம். அந்த நேரத்தில் மகளுக்கு நாலு வயது ஆகியிருக்கும். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மேற்கிலும் இடம் கிடைப்பது எவ்வளவோ எளிது.

சரி, பயமுறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் வெளிநாட்டவர் எதிர்ப்பு பேசும் ஏஎஃப்டி கட்சி சாக்ஸனியில் 37 சதவீதமும் பக்கத்து மாநிலமான துரிஞ்சியாவில் 38 சதவீதத்துக்கு மேலும் வாங்கியது. பாடென் வூர்ட்டெம்பெர்க்கில் அது 20 சதவீதத்தை ஒட்டி. அதாவது கெம்னிட்ஸில் உங்கள் டிராமில் உட்கார்ந்திருப்பவர்களில் மூன்றில் ஒருவர் அதற்கு ஓட்டுப் போட்டவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2018 ஆகஸ்டில் அந்த ஊரில் ஒரு கத்திக்குத்துக் கொலைக்குப் பிறகு தீவிர வலதுசாரிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு வெளிநாட்டவராகத் தெரிந்தவர்களைத் துரத்திய காட்சி உலகம் முழுக்கப் போனது. இதை மழுப்பக்கூடாது. அதே ஊர் 2025ல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக இருந்ததும் உண்மை.

தினசரி அனுபவத்தில், வேலையிடத்திலும் கிட்டாவிலும் அண்டை வீட்டிலும் எனக்கு மரியாதைக் குறைவு நடந்ததில்லை. மூன்றாம் மாடிப் பாட்டி என் மகனுக்கு ஈஸ்டர் முட்டை வைத்துவிட்டுப் போவார், அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்டதில்லை. முறைப்பு, முணுமுணுப்பு எல்லாம் தெருவில், டிராம் நிறுத்தத்தில், பெரும்பாலும் குடித்தவர்களிடமிருந்து. ஊர்வலம் இருக்கும் நாளில் நகர மையத்துக்குப் போவதில்லை, கால்பந்துக் கூட்டம் ஏறும் ரயிலில் ஏறுவதில்லை, இரவில் தனியாகச் சின்ன ஊர்களில் இறங்குவதில்லை. இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டே இருப்பது ஒரு சோர்வு, வாழ்க்கைத்தரத்தில் அதையும் சேர்த்தாக வேண்டும். உங்கள் மனைவி இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மேற்கு சுத்தம் என்றும் இல்லை. 1993ல் துருக்கிக் குடும்பத்தின் வீட்டைக் கொளுத்திய சோலிங்கனும், 2020ல் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்ற ஹனாவும் மேற்கில்தான் இருக்கின்றன. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் நாலில் ஒருவருக்குமேல் வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர், அங்கே உங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த நிம்மதிக்கு நான் தனியாக விலை போடுவேன்.

நம் ஜனம், நம் சாப்பாடு என்று பார்த்தால் மேற்கு எங்கேயோ இருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1980களில் ஈழத்திலிருந்து தப்பி வந்த தமிழர்களில் பலர் முதலில் இறங்கியது கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில். அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய் தஞ்சம் கேட்டார்கள். 1985, 86ல் கிழக்கு ஜெர்மன் அரசு அந்தக் கதவை மூடியது. வந்தவர்கள் தங்கியதெல்லாம் மேற்கில், அதனால் கடைகளும் தமிழ்ப் பள்ளிகளும் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலும் அந்தப் பக்கமே. கிழக்குக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களில் அதிகம் பேர் வியட்நாமியர்கள், சுவர் விழுந்து ஆலைகள் மூடியபோது பலர் கடை வைத்துப் பிழைத்தார்கள். கெம்னிட்ஸில் உங்களுக்குக் கொத்தமல்லி, இஞ்சி, உறைய வைத்த தேங்காய்த் துருவல், வெண்டைக்காய் எல்லாம் அந்த வியட்நாமிய அக்காக்களிடம்தான். கறிவேப்பிலை வந்தால் வந்தது, இட்லி அரிசி ஆன்லைனில். டிரெஸ்டன், லைப்சிக், கெம்னிட்ஸ் பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்கள் நிறைய இருப்பதால் பொங்கல், தீபாவளிக்குக் கூட்டம் சேரும். குடும்பங்கள் குறைவு, எல்லாம் இருபத்தைந்து வயதுப் பையன்கள். மனைவிக்குப் பேச்சுத்துணை கிடைப்பது அங்கே நிஜமாகவே சிரமம்.

போக்குவரத்தில் கெம்னிட்ஸ் பாவப்பட்ட ஊர். இவ்வளவு பெரிய நகரம், அதிவேக ஐசிஇ ரயில் கிடையாது. லைப்சிக் போகும் ரயில் பாதை இன்னும் மின்மயமாகவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் பிடிக்க ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், கெம்னிட்ஸிலிருந்து குழந்தையையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு பாதி நாள். சாலை மட்டும் கிழக்கில் புதுசு, ஒன்றிணைப்புக்குப் பிறகு கொட்டிய பணம் அங்கே தெரியும். மேற்கில் 60களில் கட்டிய நெடுஞ்சாலைப் பாலங்கள் ஒவ்வொன்றாகக் கிழடுதட்டுகின்றன, லூடன்ஷைட் அருகே ஒரு பாலத்தை 2021ல் மூடி 2023ல் வெடிவைத்தே தகர்த்தார்கள். கிழக்கில் புதுசு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது டிரெஸ்டனின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பரில் அதிகாலை இருட்டில் தானாகவே ஆற்றில் விழுந்தது. நல்லவேளை, மேலே ஆள் இல்லை.

கிழக்கு, மேற்கு என்று ஒரே கோடாகப் போடவும் முடியாது. ரூர் பகுதியில் கெல்சன்கிர்ஷன் சுத்தமான மேற்கு, நாட்டிலேயே வேலையின்மை மிக அதிகமான நகரங்களில் ஒன்று, வீதி வீதியாகக் காலி வீடுகள். அதோடு ஒப்பிட்டால் கிழக்கின் லைப்சிக்கும் யேனாவும் சொர்க்கம். உங்களுக்கு ஆஃபர் லைப்சிக்கிலோ டிரெஸ்டனிலோ இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன், உடனே போகச் சொல்லியிருப்பேன்.

கெம்னிட்ஸ் என்று முடிவானால் வீடு விஷயத்தில் ஒன்று. மலிவாகக் காட்டும் அடுக்குமாடி பழைய சோஷலிசக் காலத்து பிளாட்டன்பாவ், அதாவது ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்திக் கட்டியது, பலவற்றில் ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. சூடு நன்றாக இருக்கும், வெளிச்சம் வரும், ஆனால் குழந்தை வண்டியும் பத்து கிலோ அரிசி மூட்டையுமாக ஐந்தாம் மாடி ஏறிப் பாருங்கள். காஸ்பெர்க் பகுதியில் நூறு வருடத்துக்கு முந்தைய அழகான வீடுகள் உண்டு, உயரமான கூரை, மரத்தரை, கொஞ்சம் கூடுதல் வாடகை. முடிந்தால் அங்கே பாருங்கள், குடும்பங்களும் மாணவர்களும் கலந்திருக்கிற பகுதி. இரண்டு ஊரிலும் பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராகத்தான் இருக்கும், அடுப்பும் சிங்க்கும் நீங்களே வாங்கிப் பொருத்த வேண்டும், அதற்கு இரண்டாயிரம் யூரோ ஒதுக்கிவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் கெம்னிட்ஸ் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். சங்க ஒப்பந்தம் இருக்கிறதா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவார்களா, ஏனென்றால் அப்படியானால் லைப்சிக்கில் குடியிருந்துகொண்டு போய்வரலாம், மனைவிக்கும் அங்கே வேலை வாய்ப்பு கூடும். அப்புறம் மொழி வகுப்புச் செலவை ஏற்பார்களா. ஆள் கிடைக்காமல் தவிக்கிற நிறுவனங்கள் அவை, ஸ்டுட்கார்ட் ஆஃபரைக் காட்டிப் பேசினால் 55,000 வரை ஏற்றவும் வாய்ப்பிருக்கிறது. ஸ்டுட்கார்ட் நிறுவனத்திடம் ஒரே கேள்வி போதும்: நிறுவனத்துக்கென்று கிட்டா இருக்கிறதா, அதில் இடம் எழுதிக் கொடுப்பார்களா. கொடுத்தால் நான் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அங்கே போங்கள்.